தரை போடுவதற்குள் எடுக்க வேண்டிய முடிவு: ரேடானைக் குறைக்கும் வழிகளில் நம் ஊர் வீட்டுக்கு எது பொருந்தும்?

புதுச்சேரி காலாப்பட்டில் தம்பி கட்டும் வீட்டுக்குப் பேஸ்மட்டம் எழும்பிவிட்டது. உள்ளே செம்மண் கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு, இடித்துக் கெட்டிப்படுத்துகிறார்கள். அடுத்தது தரைக்கான கான்கிரீட். அதற்கு முன் அவனிடம் ஒன்று கேட்டேன்: நான்கு அங்குலத்துக்கு ஒன்றரை அங்குல ஜல்லி பரப்பு, அதற்குள் ஒரு குழாயைப் பதித்து மொட்டைமாடி வரை கொண்டுபோ. எதற்கு என்றான். மண்ணிலிருந்து வீட்டுக்குள் ஏறும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவை வெளியேற்ற என்றேன். அந்தச் சொல்லையே அவன் அன்றுதான் கேட்டான்.

கட்டட வேலையை மேற்பார்வை செய்வது என் தொழில். ஆனாலும் எனக்கும் அது அக்கா வழியாக வந்த சொல்தான். அவள் பென்சில்வேனியாவில் வீடு வாங்கியபோது, கரையான் இருக்கிறதா என்று பார்ப்பதுபோலவே ரேடானையும் அளந்து பார்த்தார்கள். கார்த்திகையில் ஊருக்கு வந்தபோது சிறிய அளவைக் கருவி ஒன்றைக் கொண்டுவந்து, கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அப்பாவும் அம்மாவும் படுக்கும் தரைத்தள அறையில் வைத்தாள். கதவைச் சாத்தி ஏ.சி. ஓடும் இரவில் அதன் எண் ஏறிக்கொண்டே போனது. காலையில் அம்மா ஜன்னலைத் திறந்துவிட்டு அறையைப் பெருக்கி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்கியது. அடுத்த நாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே. அப்பாவுக்கு முழங்கால் வலி. மாடிக்கு ஏற முடியாமல், நாளில் பாதிக்கு மேல் அந்த அறையில்தான் இருக்கிறார். அன்றிலிருந்து இதை நான் விடவில்லை.

ஆக, என் முன்னால் இரண்டு வீடுகள் இருக்கின்றன. ஒன்று கட்டி முப்பது ஆண்டுக்கு மேலான வீடு. இன்னொன்று தரை போடாத வீடு. இரண்டுக்கும் விடை ஒன்றல்ல.

முதலில், இது என்ன வாயு

யுரேனியம் துளியும் இல்லாத மண் கிடையாது. அளவுதான் இடத்துக்கு இடம் மாறும். யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியம் சிதையும்போது பிறக்கும் வாயு ரேடான். நிறமும் மணமும் இல்லாதது. அதன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் நேரம், 3.8 நாள். மண்ணுக்குள் பிறந்து, இடுக்குகள் வழியே மேலேறி வீட்டுக்குள் நுழைய அவ்வளவு நேரம் போதும். வெளியே வந்தால் காற்றோடு கலந்து ஒன்றுமில்லாமல் போய்விடும். மூடிய அறைக்குள் வந்தால் தங்கிவிடும். அது மேலும் சிதைந்து உண்டாகும் பொலோனியம் அணுக்கள் தூசியில் ஒட்டி நுரையீரலுக்குள் போய், அங்கே ஆல்பா கதிரை வெளியிடுகின்றன. தோலைத் துளைக்க முடியாத கதிர்தான்; உள்ளே போய்விட்டால் நுரையீரலின் மெல்லிய படலத்துக்கு எந்தத் தடுப்பும் இல்லை.

1984 டிசம்பரில் பென்சில்வேனியாவில் ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர் தான் வேலை செய்த அணுமின் நிலையத்துக்குள் நுழையும்போதே கதிரியக்க எச்சரிக்கை மணி அடித்தது. அப்போது அந்த நிலையம் இயங்கவே தொடங்கியிருக்கவில்லை. தேடிப் பார்த்தபோது கதிரியக்கம் அவர் வீட்டிலிருந்து வந்தது தெரிந்தது. அவர் வீட்டுக்குள் இருந்த ரேடான், கனமீட்டருக்கு ஒரு லட்சம் பெக்கரல் அளவில், அதாவது நொடிக்கு ஒரு லட்சம் அணுக்கள் சிதையும் அளவில் இருந்தது. வீடுகளில் ரேடானை அளக்கும் பழக்கம் அமெரிக்காவில் பரவியதற்கு அந்த மணி ஒரு முக்கியக் காரணம். 1988இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை ரேடானை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது.

பெக்கரல் என்பது நொடிக்கு ஓர் அணு சிதைவது. பத்துக்குப் பன்னிரண்டு அடியில், பத்தடி உயரமுள்ள அறையில் சுமார் 34 கனமீட்டர் காற்று இருக்கும். கனமீட்டருக்கு 100 பெக்கரல் என்றால், நாம் தூங்கும் அந்த அறையில் நொடிக்கு 3,400 ரேடான் அணுக்கள் சிதைகின்றன. உலக சுகாதார அமைப்பு 2009இல் பரிந்துரைத்த அளவு இந்த 100தான். அதை எட்ட முடியாத இடங்களிலும் 300ஐத் தாண்டக் கூடாது என்றது. அமெரிக்கா 148இல் நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது. திறந்த வெளியில் 5 முதல் 15 வரை இருக்கும். நீண்ட காலச் சராசரியில் ஒவ்வொரு 100 பெக்கரல் கூடும்போதும் நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 16 சதவீதம் கூடுகிறது.

இந்தக் கணக்கில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். புகைப்பவருக்கு ரேடானால் வரும் ஆபத்து புகைக்காதவரைவிட 25 மடங்கு என்று உலக சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது. வீட்டில் பீடியோ சிகரெட்டோ பிடிப்பவர் இருந்தால், கீழே நான் ஒப்பிடும் எந்த வழியையும்விட அதை நிறுத்துவதே பெரிய பலன் தரும். ஒரு ரூபாயும் செலவில்லை.

நம் மண்ணும் நம் வீடும்

காலாப்பட்டு, கோரிமேடு, கடலூர் கேப்பர் மலை ஆகிய இடங்களின் செம்மண் மேடுகளுக்கு அடியில் இருக்கும் பாறைக்குப் புவியியலாளர்கள் வைத்த பெயரே கடலூர் மணற்கல். திருவக்கரையில் கல்லாய்ப் போன மரங்கள் கிடைப்பதும் இதே பாறையில்தான். மணற்கல்லில் யுரேனியம் பொதுவாகக் கருங்கல்லைவிடக் குறைவு. ஆனால் வாயு எவ்வளவு பிறக்கிறது என்பது பாதிக் கேள்விதான். அதை மண் எவ்வளவு எளிதாக மேலே விடுகிறது என்பது மறுபாதி. ஈரக் களிமண் வாயுவைப் பிடித்துவைக்கும். மணலும் சரளையும் விட்டுவிடும். கெடிலம், தென்பெண்ணை ஆற்றோரப் படுகையில் இரண்டும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அதனால் அடுத்தடுத்த இரண்டு தெருக்களில்கூட அளவு மாறலாம். பக்கத்து வீட்டு எண்ணை வைத்து உங்கள் வீட்டை முடிவு செய்யாதீர்கள்.

நெய்வேலி பக்கத்தில் இருப்பதால் சாம்பல் கல் வைத்துக் கட்டியவர்கள் கவலையோடு கேட்பதுண்டு. நிலக்கரியை எரித்தால் அதிலிருந்த ரேடியம் சாம்பலில் செறிவது உண்மை. ஆனால் அந்தச் சாம்பல் துகள்கள் கண்ணாடிபோல் உருகி இறுகியவை. உள்ளே பிறக்கும் ரேடானில் பெரும்பங்கை வெளியே விடுவதில்லை. சாதாரண வீட்டில் பெரும்பாலான ரேடான் சுவரிலிருந்து வருவதில்லை, தரைக்கு அடியிலிருந்து வருகிறது. கிரானைட் பதித்த தரை பற்றியும் அதே பதில்தான். குமரிக் கடற்கரையில் மணவாளக்குறிச்சியின் மோனசைட் மணல் வேறு கதை. அங்கே தோரியம் அதிகம். அதிலிருந்து வரும் தோரான், ரேடானின் இன்னொரு வகை, ஒரு நிமிடத்துக்குள் பாதியாகிவிடும்.

உண்மையில் நம் பழைய வீடுகளை இந்த வாயு பெரிதாகத் தொட்டிருக்க முடியாது. புதுச்சேரித் தமிழர் பகுதி வீடுகளை நினைத்துப் பாருங்கள்: திண்ணை, தாழ்வாரம், நடுவில் வானம் பார்த்த முற்றம், வாசலில் நின்றால் கொல்லை தெரியும் நேர்கோடு. காற்று நுழையவும் வெளியேறவும் வீட்டின் நடுவிலேயே வழி இருந்தது. நாம் அந்த முற்றத்தை மூடினோம். கதவுக்கும் ஜன்னலுக்கும் மேலே இருந்த வெண்டிலேட்டரைக் கொசுவுக்குப் பயந்து அட்டையால் அடைத்தோம். இப்போது காற்றே புகாத யு.பி.வி.சி. ஜன்னலும் ஸ்பிளிட் ஏ.சி.யும். இந்த ஏ.சி. அறையில் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கிறது, வெளிக்காற்றை ஒரு மூச்சுகூட உள்ளே கொண்டுவருவதில்லை. ஏ.சி. இருந்தால் காற்றோட்டம் இருக்கிறது என்று படித்தவர்களே நம்புகிறார்கள். என்னிடம் வீடு கட்டுபவர்களில் பாதிப் பேருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது.

அளக்காமல் எதையும் செய்ய வேண்டாம்

இரண்டு மூன்று நாள் அளவை ஒரு சூசகம்தான். ரேடான் இரவும் பகலும், மழையும் வெயிலும் சார்ந்து ஆடிக்கொண்டே இருக்கும். புயல் மழையில் வீட்டைச் சுற்றியுள்ள மண் நனைந்து அடைத்துக்கொண்டால், வாயு வீட்டுக்கு அடியில் உலர்ந்திருக்கும் மண் வழியே ஏறும். அதே நேரம் நாம் ஜன்னல்களையும் சாத்தியிருப்போம். அப்படி ஒரு வாரத்தில் எடுத்த எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், சித்திரையில் ஜன்னல் திறந்து கிடக்கும்போது எடுத்த எண்ணைப் பார்த்து நிம்மதியடையவும் வேண்டாம். குறைந்தது மூன்று மாதச் சராசரி வேண்டும். அதற்குப் படலத்தில் ஆல்பா கதிரின் தடம் பதியும் சிறு குப்பிகள் உண்டு. நம் பாபா அணு ஆராய்ச்சி மையமே அப்படி ஒன்றை வடிவமைத்திருக்கிறது. மின்னணுக் கருவியும் போதும். படுக்கை உயரத்தில், சுவரை ஒட்டாமல், சமையலறையும் குளியலறையும் தவிர்த்து வையுங்கள்.

அமெரிக்கக் கருவி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அது பெக்கரலில் காட்டாமல் பிகோகியூரியில் காட்டலாம். அங்கே 4 என்று வந்தால் நம் கணக்கில் 148. 37ஆல் பெருக்க வேண்டும். சின்ன எண்ணைப் பார்த்து அலட்சியமாக இருந்துவிடாதீர்கள்.

ஜன்னலா, விசிறியா, குழாயா

ஜன்னலைத் திறப்பதுதான் உடனடியாகப் பலன் தருவது. கணக்கு எளிது: உள்ளே வரும் வாயு மாறாமல் இருந்தால், காற்று எத்தனை மடங்கு வேகமாக மாறுகிறதோ அத்தனை பங்காக அளவு குறையும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை காற்று மாறும் மூடிய அறையில், மணிக்கு மூன்று முறை மாறும்படி செய்தால், ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்குக்கு வந்துவிடும். வெளிக்காற்றின் அளவுக்குக் கீழே மட்டும் போகாது. குறை என்னவென்றால், ஜன்னலை மூடிய அரைநாளுக்குள் பழைய அளவு திரும்பிவிடும். நாம் மூடுவதோ இரவு எட்டு மணி நேரம், தூங்கும் நேரம். பகலெல்லாம் திறந்துவைத்துவிட்டு இரவில் சாத்துபவருக்கு இந்த வழி பாதிதான் உதவும்.

அதனால் எதைத் திறப்பது என்று யோசிக்க வேண்டும். முழு ஜன்னலைத் திறந்தால் ஏ.சி. வீண், கடலோரத்தில் உப்புக்காற்று வேறு. மேலே இருக்கும் வெண்டிலேட்டரைத் துப்புரவாக்கிக் கொசுவலை அடித்துத் திறந்துவிட்டு, எதிர்ச்சுவரிலும் அதேபோல் ஒரு துளை இருந்தால், இரவு முழுவதும் மெல்ல ஓர் ஓட்டம் இருந்துகொண்டே இருக்கும். ஏ.சி. கொஞ்சம் கூடுதலாக உழைக்கும். அந்த மின்கட்டணத்தை நான் மருந்துச் செலவாக எண்ணிக்கொள்வேன்.

இங்கேதான் பலர் தவறு செய்யும் இடம் வருகிறது: எக்ஸாஸ்ட் விசிறி. காற்றை வெளியே தள்ளினால் வாயுவும் போய்விடும் என்று தோன்றும். ஆனால் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு எக்ஸாஸ்ட்டை ஓடவிட்டால், அறைக்குள் அழுத்தம் குறைந்து, ஈடுகட்ட வேண்டிய காற்றை அது எங்கிருந்தாவது இழுக்கும். தரைவெடிப்பு வழியே மண்ணிலிருந்தும் இழுக்கும். படுக்கையறையோடு ஒட்டிய குளியலறையில் இரவெல்லாம் ஓடும் விசிறி இப்படி நேர்மாறான வேலையைச் செய்யக்கூடும். அதே சிறு விசிறியைத் திருப்பி, வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே தள்ளும்படி வைத்தால், அறையின் அழுத்தம் சற்று உயர்ந்து மண்ணின் வாயுவைத் தள்ளி நிறுத்தும். ஈரப்பதம் உள்ளே வரும் என்பது உண்மை, ஏ.சி. உள்ள அறையில் அது சமாளிக்கக்கூடியதுதான். வெளியேறும் காற்றின் குளிர்ச்சியை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றிக்கொடுக்கும் இயந்திரங்களும் உண்டு, நல்ல பொருள்தான். ஆனால் ஓர் அறைக்காக அவ்வளவு செலவு செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வெடிப்பை அடைப்பது அடுத்தது. தரையும் சுவரும் சேரும் கோடு, மேற்கத்திய கழிப்பறைக் குழாய் தரைக்குள் இறங்கும் இடம், சமையலறை வடிகால், வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஆழ்துளைக் கிணற்றின் வாய். நம் தொழிலில் கழிப்பறைக் குழாயைச் சுற்றி உடைந்த செங்கல்லைத் திணித்து மேலே கொஞ்சம் கலவை பூசிவிட்டு டைல்ஸ் ஒட்டிவிடுகிறோம்; அடியில் ஓட்டை அப்படியே இருக்கிறது. கரையான் மருந்து அடிக்கச் சுவரோரமாகத் தரையில் வரிசையாகத் துளை போடுகிறார்களே, அதையும் பாருங்கள். வெள்ளைச் சிமெண்ட் உதிர்ந்த ஒவ்வொரு துளையும் மண்ணுக்கு நேர் வழி. எல்லாவற்றையும் நெகிழும் அடைப்பான் கொண்டு அடைக்கலாம், ஒருநாள் வேலை. ஆனால் அடைப்பை மட்டும் நம்ப முடியாது. வீடு அசைந்து இறங்கும்போது புது வெடிப்பு வரும்; கண்ணுக்குத் தெரியாத வழிகள் எப்போதும் மிச்சமிருக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் இதைத் தனி வழியாகப் பரிந்துரைப்பதில்லை. மற்ற வழிகளுக்கு இது துணை, அவ்வளவுதான்.

வலுவான வழி என்று உலகம் ஒப்புக்கொண்டது, தரைக்கு அடியிலிருந்தே இழுத்து வெளியேற்றுவது. தரையைத் துளைத்து ஒரு நான்கு அங்குலக் குழாயை இறக்கி, அதை மொட்டைமாடிக்கு மேல் கொண்டுபோய், அங்கே ஒரு விசிறியைப் பொருத்தி நாளெல்லாம் ஓடவிடுவது. தரைக்கு அடியில் அழுத்தம் வீட்டைவிடக் குறைந்துவிடுவதால் வாயு வீட்டுக்குள் வராமல் குழாய்க்குள் போகும். சரியாக அமைந்தால் 99 சதவீதம் வரை குறையும். இழுவை இருக்கிறதா என்று பார்க்க ஒரு வளைகுழாயில் வண்ண நீர் வைத்திருப்பார்கள். மேஸ்திரி மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபின் தத்துவம்தான். இரு பக்கமும் சமமாக நின்றால் விசிறி நின்றுவிட்டது என்று பொருள்.

ஆனால் இதை அப்படியே கடலூருக்குக் கொண்டுவந்தால் மூன்று சிக்கல்கள். முதலாவது, நாம் பேஸ்மட்டம் என்பது பூமிக்கு மேலே மண் நிரப்பிய மேடை. அவர்கள் ஊரின் பேஸ்மென்ட் என்பது பூமிக்குக் கீழே உள்ள அறை. நம் பழைய வீடுகளில் உட்சுவர் ஒவ்வொன்றுக்கும் கீழே அஸ்திவாரம் இறங்கியிருக்கிறது. தூண் வைத்துக் கட்டிய வீட்டில் அந்த இடத்தில், தூண்களைத் தரைமட்டத்தில் இணைக்கும் கான்கிரீட் உத்தரமான பிளிந்த் பீம் இருக்கிறது. அதாவது ஒவ்வோர் அறையின் அடியிலும் இருக்கும் மண் தனித்தனிப் பெட்டி. ஓர் அறையில் துளைத்து இழுத்தால் பக்கத்து அறைக்கு அது எட்டாது. இரண்டாவது, அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஜல்லியல்ல, இடித்து இறுக்கிய கிராவல்; அதன் வழியே காற்று ஓட வழி குறைவு. மூன்றாவது தண்ணீர். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. 2015 இறுதி மழையில் கடலூர் பட்டதை நாம் மறக்க முடியாது. நிலத்தடி நீர் மேலேறும் தெருக்களில் குழாயின் அடிவாயில் தண்ணீர் நின்றால் இழுவை நின்றுவிடும்.

மின்கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 60 வாட் விசிறி இரண்டு மாதம் இடைவிடாமல் ஓடினால் 86 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டுக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டில் ஒரு நல்ல பங்கை இதுவே எடுத்துக்கொள்ளும். மின்தடையில் விசிறி நின்றால் வாயு திரும்ப ஏறும். இவ்வளவும் சொன்னபின், அளவு 300ஐத் தாண்டிய வீட்டுக்கு நான் இதையேதான் சொல்வேன். அதற்கு மேல் ஜன்னலையும் அடைப்பானையும் நம்பிக் காலம் கடத்துவது சரியல்ல.

விலைக்கு வாங்கி ஏமாற வேண்டாதவை

காற்றுச் சுத்திகரிப்பான் தூசியைப் பிடிக்கும், தூசியில் ஒட்டிய பொலோனியத்தில் ஒரு பகுதியையும் பிடிக்கும். ரேடான் வாயு அதன் வடிகட்டி வழியே அப்படியே போய்விடும். போய் மீண்டும் பொலோனியத்தை உண்டாக்கும். கரி வடிகட்டி கொஞ்ச நேரம் வாயுவை ஈர்த்து நிரம்பிவிடும். சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது சுவரிலிருந்து வருவதை ஓரளவு தடுக்கும். நம் சிக்கல் தரையில் இருக்கிறது.

ஆழ்துளைக் கிணற்று நீரிலும் ரேடான் கரைந்திருக்கும். ஆனால் நீரில் இருப்பதில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் வீட்டுக் காற்றுக்கு வந்து சேரும். தவிர நாம் மேல்நிலைத் தொட்டியில் உயரத்திலிருந்து கொட்டி நிரப்புகிறோம். அப்படிக் கொட்டும்போதே வாயுவில் ஒரு பகுதி மொட்டைமாடிக் காற்றில் போய்விடுகிறது. தொட்டிக்கு மூடி போட்டாலும் பக்கத்தில் கொசுவலை அடித்த ஒரு காற்றுவழி விடுங்கள், போதும்.

மாடியில் படுப்பது என்ற வழியை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. மேலே போகப் போக மண்ணின் வாயு குறையும். ஏற முடிந்த குடும்பத்துக்கு இது செலவே இல்லாத தீர்வு. வருத்தம் என்னவென்றால், கீழறையில் படுப்பவர் எப்போதும் ஏற முடியாத முதியவராகத்தான் இருக்கிறார்.

தம்பியின் வீடு

புது வீட்டில் மேலே சொன்ன மூன்று சிக்கல்களில் இரண்டு காணாமல் போகின்றன, தரை போடுவதற்கு முன் என்றால் மட்டும். கிராவலை நான்கு அங்குலம் குறைத்து நிரப்பி, மேலே தூசியில்லாத ஒன்றரை ஜல்லியைப் பரப்பினால், காற்று ஓடும் ஓர் அடுக்கு கிடைக்கிறது. 800 சதுர அடிக்கு அது சுமார் 265 கன அடி. நூறு கன அடியை ஒரு யூனிட் என்னும் நம் கட்டடக் கணக்கில் இரண்டரை யூனிட்டுக்குச் சற்று மேல். அந்த அளவுக்குக் கிராவல் மிச்சமாகிறது, ஆகவே கூடுதல் செலவு விலை வித்தியாசம் மட்டும். பிளிந்த் பீம் போடும்போதே ஒவ்வொரு பீமிலும் ஒரு துண்டுக் குழாயை விட்டு வார்த்தால் பெட்டிகள் ஒன்றோடொன்று இணைந்துவிடும். தம்பி வீட்டில் பீம் ஏற்கெனவே வார்த்தாகிவிட்டது. அதனால் பீமுக்கு மேல் நிற்கும் செங்கல் வரிசையில் வழிவிடச் சொல்லியிருக்கிறேன். பீமை உடைக்க நான் ஒப்பவில்லை.

ஜல்லியின் மேல் தடித்த பாலித்தீன் ஷீட், 0.15 மில்லிமீட்டருக்குக் குறையாமல், ஒன்றன்மேல் ஒன்று ஓரடி ஏறும்படி. இதைப் பார்த்ததும்தான் தம்பியின் முகம் மாறியது. ஷீட்டும் ஜல்லியும் சேர்ந்து ஓதத்தை, அதாவது மண்ணின் ஈரம் மேலேறுவதை, தடுக்கும். கடலோரத்தில் கீழ்ச்சுவர் உப்புப் பூத்துப் பெயிண்ட் உதிர்வதை அவன் வாடகை வீட்டில் பத்து ஆண்டாகப் பார்க்கிறான். ரேடானுக்காக ஒப்புக்கொள்ளாதவன் ஓதத்துக்காக ஒப்புக்கொண்டான். எதற்காக ஒப்புக்கொண்டாலும் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஜல்லிக்குள் துளையிட்ட குழாய், அதிலிருந்து குளியலறை ஓரமாக மேலேறி மொட்டைமாடிக்கு மேல் முடியும் நான்கு அங்குலக் குழாய். குளிர்நாட்டில் வீட்டுக்குள்ளிருக்கும் சூட்டால் அந்தக் குழாய் விசிறி இல்லாமலேயே மேல்நோக்கி இழுக்கும். நம் ஊரில் அந்த இழுவை குறைவு என்பதால், குழாய் மட்டும் வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்க மாட்டேன். மொட்டைமாடியில் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு மின்இணைப்புப் புள்ளி விட்டிருக்கிறோம். குடியேறிய பின் மூன்று மாதம் அளந்து, தேவைப்பட்டால் விசிறியைப் பொருத்தினால் போதும். விசிறி மாடியில்தான் இருக்க வேண்டும். வீட்டுக்குள் வைத்தால் அதற்கு மேலுள்ள குழாயில் சிறு கசிவு வந்தாலும் வாயு அறைக்குள்தான் தள்ளப்படும். குழாயின் வாய் ஜன்னலிலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்கட்டும். மூன்றாவது சிக்கலான தண்ணீருக்கு, மேடான காலாப்பட்டில் பயமில்லை. அரியாங்குப்பம், பாகூர் பக்கம் பள்ளமான மனையில் கட்டுபவர்கள் பேஸ்மட்டத்தை உயர்த்தி, ஜல்லி அடுக்கு வெள்ள மட்டத்துக்கு மேலே நிற்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

தரை போட்டபின் இதையெல்லாம் செய்ய வேண்டுமென்றால் டைல்ஸை உடைக்க வேண்டும். அதனால்தான் இந்த வாரமே அவனை நெருக்கினேன்.

அப்பாவின் அறை

கருவி மாசி வரை ஓட வேண்டும். அதற்கு முன் எந்தத் தரையையும் உடைக்கப் போவதில்லை. ஆனால் எண் என்னவாக இருந்தாலும் தவறாகாத வேலைகளை முடித்துவிட்டோம். அடைத்திருந்த வெண்டிலேட்டர் இரண்டையும் திறந்து கொசுவலை அடித்தாயிற்று. கழிப்பறைக் குழாயைச் சுற்றியும், சிவப்புத் தரை சுவரைவிட்டு விலகிய கோட்டிலும் அடைப்பான் பூசியாயிற்று. குளியலறை எக்ஸாஸ்ட்டை இரவில் நிறுத்திவிட அம்மா ஒப்புக்கொண்டார். வெளிக்காற்றை உள்ளே தள்ளும் சிறு விசிறி ஒன்றைக் கிழக்குச் சுவரில் பொருத்த எலக்ட்ரீஷியன் வெள்ளிக்கிழமை வருகிறார்.

மூன்று மாதச் சராசரி 100க்குள் வந்தால் இத்தோடு விட்டுவிடுவோம். 100க்கும் 300க்கும் இடையில் நின்றால், விசிறி வைத்த பிறகு இன்னொரு மூன்று மாதம் அளந்து பார்ப்போம். 300ஐத் தாண்டினால் அப்பாவின் அறைத் தரையை ஒரு மூலையில் துளைத்துக் குழாய் இறக்குவோம். அந்தப் பெட்டியை மட்டும் இழுத்தால் போதும், அவர் படுப்பது அங்கேதான். அதற்கான இடத்தை அலமாரிக்குப் பின்னால் சாக்கட்டியால் குறித்து வைத்திருக்கிறேன். அப்பா தினமும் காலையில் கருவியின் எண்ணை நாட்காட்டித் தாளில் எழுதி வைக்கிறார்.